பதிவிறக்கிய கோப்பில் சந்தேகமா? கேள்வி-பதில்

கேள்வி: ஒரு சாதனத்தின் பயன்பாட்டுக் கையேட்டைத் தேடி இணையத்திலிருந்து ஒரு கோப்பைப் பதிவிறக்கினேன். பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்றுதான் இருந்தது. சின்னமும் பிடிஎஃப் சின்னம்தான். இருமுறை கிளிக் செய்தபோது ஒரு கருப்புச் சாளரம் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்தது. கையேடு திறக்கவில்லை. ஆன்டிவைரஸ் சோதனையில் எதுவும் சிக்கவில்லை. இத்துடன் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடக் கூடாது. நீங்கள் திறந்தது பிடிஎஃப் கோப்பாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை (பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை), நாமாக அமைப்பை மாற்றாத வரையில், மறைத்தே காட்டும், ஆகவே ‘கையேடு.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று பெயரிடப்பட்ட ஒரு நிரல் உங்கள் திரையில் ‘கையேடு.பிடிஎஃப்’ என்று மட்டுமே தெரியும். சின்னத்தையும் நம்புவதற்கில்லை. இஎக்ஸ்இ கோப்பு தன் சின்னத்தைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், அதை எழுதியவர் விரும்பிய படம்தான் அங்கே தெரியும். தந்திரம் பழையது: 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ புழு (தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் தீய நிரல்), காதல் கடிதம் என்ற பெயரில், வெறும் எழுத்துக் கோப்புக்குரிய டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டை வெளியே காட்டி, நிரலுக்குரிய விபிஎஸ் என்ற உண்மையான பின்னொட்டை ஒளித்துக்கொண்டுதான் வந்தது. கோப்புறையின் மேலே உள்ள ‘வியூ’ பட்டியலில் கோப்புப் பெயரின் பின்னொட்டுகளைக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டு, அந்தக் கோப்பை மீண்டும் கிளிக் செய்யாமல், பெயரை மட்டும் பாருங்கள்.

இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ் போன்று நிரலைக் குறிக்கும் ஏதாவது கடைசியில் தெரிந்தால், செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள், அல்லது கேபிளைக் கழற்றிவிடுங்கள். இவ்வகைக் கோப்புகளில் அடிக்கடி வருவது தகவல் திருடும் மால்வேர், அதாவது தீய நிரல். அது உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் தளங்களின் குக்கிகளையும் (நாம் உள்நுழைந்திருக்கிறோம் என்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு தகவல்களையும்) சில நிமிடங்களுக்குள் அள்ளி அனுப்பிவிடும். சில நிரல்கள் வேலை முடிந்ததும் தம்மையே அழித்துக்கொள்ளும். எனவே சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை என்பதற்கு, இப்போது கணினியில் ஒன்றும் இல்லை என்று வேண்டுமானால் பொருள் கொள்ளலாம். ஒன்றும் வெளியே போகவில்லை என்று பொருள் கொள்ள முடியாது.

அடுத்து, வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மாற்றக் கோரிக்கைகளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பிறகு வங்கி, அதன்பின் மற்றவை. பலர் தவறவிடும் ஒரு படி இங்கே இருக்கிறது: ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற தெரிவைத் தேடிப் பிடித்து அழுத்த வேண்டும். திருடப்பட்ட குக்கியைக் கையில் வைத்திருப்பவர் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே உள்ளே நுழைய முடியும். அந்தக் குக்கியைச் செல்லாததாக்கும் வழி இதுவே.

இவற்றை முடித்த பிறகு கணினியைக் கவனிக்கலாம். விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் சோதனைத் தெரிவுகளில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று உண்டு. அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக எழுந்திருக்கும் முன்பே, ஏறக்குறைய 15 நிமிடங்கள் சோதிக்கும். ஆனாலும், நிரல் ஓடிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த கணினியில் நான் அத்துடன் நிற்க மாட்டேன். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் நீக்கும் தெரிவைப் பயன்படுத்தி விண்டோஸைப் புதிதாக நிறுவுவேன். ஒரு மாலைப் பொழுது போகும், போகட்டும்.

கேள்வி: விலைக்கு விற்கப்படும் ஒரு மென்பொருளின் இலவசப் பிரதி என்று ஒரு ஜிப் கோப்பு கிடைத்தது. ‘கடவுச்சொல் 1234, நிறுவும்போது ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்’ என்று குறிப்பும் உள்ளது. இன்னும் திறக்கவில்லை. கணினிக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

பதில்: திறக்காத வரையில் பொதுவாக ஒன்றும் ஆகியிருக்காது. அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள். ஊரறியக் கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டு ஒருவர் ஜிப்பைப் பூட்டுவது ரகசியத்துக்காக அல்ல. வழியில் இருக்கும் வைரஸ் சோதனைகள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி செய்வதற்காகவே. (இதை எழுதும் முன் என் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். ஒரே நிறுவி அடைப்புக்குறிக்குள் 1, 2 என்ற எண்களோடு மூன்று பிரதிகளாகக் கிடந்தது. அவற்றையும் அழித்தேன்.)

கேள்வி: ஒரு சிறிய இலவச மென்பொருளை வைரஸ்டோட்டல் தளத்தில் சோதித்தேன். மூன்று ஆன்டிவைரஸ்கள் ஆபத்து என்கின்றன, மீதி எல்லாம் பரவாயில்லை என்கின்றன. எதை நம்புவது?

பதில்: வைரஸ்டோட்டல் 2012 முதல் கூகுளின் வசம் உள்ள சேவை. எழுபதுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ் இயந்திரங்களிடம் ஒரே கோப்பைக் காட்டி, அவை சொல்வதைத் தொகுத்துத் தருவதே அதன் வேலை. தீர்ப்புச் சொல்வது நம்முடைய வேலை. எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், எந்தப் பெயரில் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ஜெனரிக்’ (பொதுவானது), ‘ஹியூரிஸ்டிக்’ (ஊகித்துக் கண்டது) என்று அதிகம் அறியப்படாத இரண்டு மூன்று இயந்திரங்கள் மட்டும் சொன்னால், அது பெரும்பாலும் ஊகம். சில நாள் கழித்து மறுபடி சோதித்தால் காணாமல் போயிருக்கக்கூடும். ஒரே மால்வேர்க் குடும்பத்தின் பெயரைப் பெரிய நிறுவனங்கள் பலவும் சொன்னால், அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம். ஆன்டிவைரஸ் தவறாகக் குற்றம் சாட்டுவது நடக்கக்கூடியதே: 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்புகளில் ஒன்றையே வைரஸ் என்று முடக்கியது, பல கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கமாகிக்கொண்டே இருந்தன.

கோப்பு அசலானதா என்று பார்க்க, உருவாக்கியவர் தம் தளத்தில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்எச்ஏ-256 என்ற 64 எழுத்துச் சரத்தைக் கொடுத்திருந்தால், அதை உங்கள் கோப்பின் சரத்தோடு ஒப்பிடலாம். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க உதவும் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்ற கட்டளை அதைக் கணக்கிட்டுத் தரும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2017இல், கணினியில் சேரும் தேவையற்ற கோப்புகளை நீக்கும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே, செல்லுபடியாகும் மின்னணுக் கையொப்பத்தோடு, உள்ளே மால்வேருடன் சுமார் ஒரு மாத காலம் வழங்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று நிறுவனமே தெரிவித்தது. கையொப்பமும் சரமும் கோப்பு வழியில் மாற்றப்படவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லும். புறப்பட்ட இடத்திலேயே கெட்டிருந்தால் அவற்றால் சொல்ல முடியாது.

வைரஸ்டோட்டலில் பதிவேற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கி அறிக்கை, மருத்துவ அறிக்கை போன்ற தோற்றத்தில் வந்த கோப்பை அப்படியே பதிவேற்றாமல், அதன் எஸ்எச்ஏ-256 சரத்தை மட்டும் அங்குள்ள தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். அந்தக் கோப்பு ஏற்கெனவே வேறு யாராலாவது சோதிக்கப்பட்டிருந்தால் முடிவு உடனே வரும்.

கேள்வி: இணையத்தில் படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, ‘ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணை அழைக்கவும்’ என்று வந்தது. சுத்தம் செய்யும் மென்பொருளுக்குக் கார்டில் பணமும் கட்டிவிட்டேன்.

பதில்: ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் வட்டைத் திறந்து வைரஸ்களை எண்ண முடியாது. நீங்கள் பார்த்தது விளம்பரப் பலகைக்கு ஒப்பான ஒரு படம், கேட்டது ஓர் ஒலிக்கோப்பு. எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூடலாம். மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திரையின் ஓரத்தில் எச்சரிக்கைகள் தொடர்ந்து வந்தால், உலாவியின் அறிவிப்பு அனுமதிப் பட்டியலில் அறிமுகமில்லாத தளங்களை நீக்குங்கள். அநேகமாக அத்துடன் நின்றுவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, இன்றே வங்கியை அழைத்து, ஏமாற்றிப் பெறப்பட்ட தொகை என்று கூறி, அந்தக் கார்டை முடக்கச் சொல்லி, பரிவர்த்தனையை மறுத்து முறையீடு செய்யுங்கள். பணம் கட்டியவர்களிடம் மறுபடியும் வசூலிக்க முயல்வார்கள் என்பதால் பழைய கார்டை வைத்திருப்பது உசிதமல்ல. அந்த மென்பொருளை நிறுவியிருந்தாலோ, தொலைவிலிருந்து கணினியை இயக்க யாருக்காவது அனுமதி தந்திருந்தாலோ, முதல் கேள்விக்குச் சொன்ன படிகள் அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: இனியாவது விலைகொடுத்து ஓர் ஆன்டிவைரஸ் வாங்கிவிடலாமா?

பதில்: விண்டோஸ் 11 வைத்திருக்கும் சாதாரண வீட்டுப் பயனருக்கு, அதில் உள்ள டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. வேறொன்றை வாங்கினால், முதல் ஆண்டுச் சலுகை விலைக்கும் புதுப்பிக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை வாங்கிய அன்றே நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டாம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் சந்தேகித்துக் கணினியை மந்தமாக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் எந்த ஆன்டிவைரஸும் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுதான். 2017 மே 12இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘வான்னாக்ரை’ பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

அந்தப் பணத்தில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை நகலெடுத்ததும் கேபிளைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்க்கையும் பிணைத்தொகை கேட்கும் ரான்சம்வேர் பூட்டிவிடும். ஏற்கெனவே பூட்டப்பட்ட கோப்புகள் உங்களிடம் இருந்தால், பணம் கட்டும் முன் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய அந்தத் தளத்தில், சில ரான்சம்வேர் வகைகளுக்கான திறப்புக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வகைக்கு இன்று கருவி இல்லையென்றாலும் பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள்; பின்னாளில் வந்து சேரக்கூடும்.