மூலிகைச் சாறு கிருமியைத் தடுத்தது, பிரித்தெடுத்த பிறகு தடுக்கவில்லை. ஆய்வை விட்டுவிடலாமா?

முதுகலை ஆய்வுக்காகச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விட்டுவிடாதீர்கள். இதே இடத்தில் நின்று அழுதவள் நான்.

நான் எடுத்தது ஒரு வேரின் சாறு. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பூசிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) குழி வெட்டி, சாற்றை விட்டு, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்தேன். காலையில் பார்த்தால், தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து ஆடை படிந்த மாதிரி மங்கல். என் குழியைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் கண்ணாடி போல ஒரு வட்டம். 17 மில்லிமீட்டர். கரைப்பானே கொன்றிருக்கும் என்று யாரும் கிளம்ப வேண்டாம், சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தை மட்டும் விட்ட குழியில் வட்டம் ஒன்றுமே இல்லை.

அப்புறம் நான்கு மாதம், சாற்றில் கலந்திருக்கும் பொருள்களைக் குழாய் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் 'காலம்' (column) குரோமட்டோகிராஃபி. 11 பகுதிகளாகப் பிரித்தேன். ஒன்றிலும் சொல்லிக்கொள்ளும்படி வட்டம் வரவில்லை. "முதலில் வந்ததே தப்பாயிருக்கும், வேறு செடி எடு" என்றார் வழிகாட்டி.

அந்த நேரத்தில்தான் 2000-இல் வெளியான பெர்பெரின் ஆய்வு கண்ணில் பட்டது. மரமஞ்சள் (பெர்பெரிஸ்) இனச் செடிகளில் இருக்கும் பெர்பெரின் என்ற பொருள் தனியாகப் போனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸிடம் அவ்வளவாக எடுபடாது. உள்ளே நுழைந்ததை, அந்தக் கிருமியிடமே உள்ள நோர்ஏ என்ற பம்பு வெளியே தள்ளிவிடும். அதே இனச் செடிகள் 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளையும் உண்டாக்குகின்றன. அது தானாக எந்தக் கிருமியையும் தடுக்காது, அந்தப் பம்பை மட்டும் முடக்கும். இரண்டையும் பிரித்துவிட்டால் தட்டில் என்ன தெரியும்?

உடனே என் பகுதிகளை இரண்டிரண்டாகக் கலந்து விட்டுப் பார்த்தேன். 3-ம் 8-ம் சேர்ந்த குழியில் வட்டம் திரும்பி வந்தது. அந்தக் காலைப்பொழுதை நான் மறக்கவே மாட்டேன். கட்டுரை வெளியானபோது, ஒரு தட்டைக்கூடத் தொடாத இருவருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் இன்றுவரை வலிக்கிறது.

மூலிகை எல்லாவற்றையும் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. தட்டில் வட்டம் வந்தால் அது மருந்தாகிவிடாது. எம்ஐசி, அதாவது கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், மனித செல்லுக்கு நஞ்சா என்றும் பார்க்க வேண்டும்.

சாற்றை எத்தனை டிகிரியில் வற்ற வைத்தீர்கள் என்பதையும் சரிபாருங்கள். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைத் தேடியபோது சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவுக்குக் கைகொடுத்தது, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர்தான். சூட்டில் அந்தப் பொருள் கெட்டுப்போகிறது என்ற சந்தேகத்தில்தான் அந்த முறைக்கு மாறினார்கள்.

வேலை செய்யாத பகுதி என்று எதையும் கொட்டிவிடாதீர்கள். எண் போட்டு மைனஸ் 20-இல் வையுங்கள். என் 6-வது பகுதியை நான் கொட்டிவிட்டேன். அதை எதனுடனும் கலந்து பார்க்க முடியாமலே போய்விட்டது.