நர்சிங் சீட்: கட்-ஆஃப், கலந்தாய்வு, காத்திருப்பு

பிளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து நம் 'கேள்வி - பதில்' பகுதிக்கு பி.எஸ்சி. நர்சிங் பற்றிய கடிதங்கள் குவிகின்றன. அவற்றில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு நம் கல்விக் குழு இங்கே பதில் சொல்கிறது.

என் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 512. போன வருடம் 498 எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அரசு ஒதுக்கீட்டில் நர்சிங் கிடைத்தது. அப்படியானால் இவளுக்கும் கிடைத்துவிடும்தானே?
- ஒரு தாய், சங்கரன்கோவில்

அந்த 512-ஐ முதலில் ஒதுக்கி வையுங்கள். தரவரிசைக்கு மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. உயிரியல் மதிப்பெண்ணை அப்படியே 100-க்கு எடுத்துக்கொள்வார்கள். இயற்பியலையும் வேதியியலையும் கூட்டிப் பாதியாக்கினால் இன்னொரு 100. இரண்டும் சேர்ந்து 200-க்கு வருவதுதான் கட்-ஆஃப். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு அந்த இரண்டின் சராசரி, உயிரியல் மதிப்பெண்ணுக்குப் பதிலாக வரும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் மகளின் தமிழ் 95, ஆங்கிலம் 88, கணிதம் 92, இயற்பியல் 76, வேதியியல் 78, உயிரியல் 83. கணக்குப் போட்டால் 83 + 77 = 160. பக்கத்து வீட்டுப் பெண் இயற்பியலில் 84, வேதியியலில் 86, உயிரியலில் 93 என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 93 + 85 = 178. மொத்தத்தில் 14 மதிப்பெண் பின்னால் இருப்பவர், கட்-ஆஃபில் 18 முன்னால் நிற்கிறார். உங்கள் மகளின் மொத்தத்தைத் தூக்கிக் காட்டுவது தமிழும் கணிதமும். அவை இங்கே கணக்கில் வருவதில்லை. பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணும் அப்படித்தான்.

அந்தப் பெண்ணும் உங்கள் மகளும் ஒரே சமூகப் பிரிவா என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் இந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லை. தமிழ்நாட்டில் 31 சதவீதம் பொதுப்போட்டி. மீதி 69 சதவீதத்தில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, எஸ்.சி. அருந்ததியர் 3, எஸ்.டி. 1. பொதுப்போட்டி இடங்கள் எல்லாருக்கும் திறந்தவை. எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் மதிப்பெண் எட்டினால் அதில் இடம் உண்டு. ஆகவே தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்ப்பதானால் கல்லூரி, சமூகம், சுற்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 'போன வருடம் 165-க்குக் கிடைத்தது' என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றில் என்று கேளுங்கள். முதல் சுற்றில் மூடிய இடம் கடைசிச் சுற்றில் சில மதிப்பெண் இறங்கித் திறப்பது வழக்கம்.

விண்ணப்பிப்பதற்கான குறைந்தபட்சத் தகுதி வேறு விஷயம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். சேரும் ஆண்டு டிசம்பர் 31-இல் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். இது வாசலுக்குள் விடும் தகுதி மட்டுமே.

ஆன்லைன் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் போட்டால்தான் பாதுகாப்பு என்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். சரியா?
- மாணவி, திண்டுக்கல்

தவறு. ஆண்டுதோறும் நல்ல ரேங்க் வைத்திருப்பவர்களைக் கவிழ்க்கும் யோசனை இதுதான்.

உங்கள் ரேங்க் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கிறது. அங்கே உங்கள் பிரிவில் இடம் இருந்தால் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும். எட்டாத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ள வாய்ப்பு பறிபோகாது. உங்களுக்குப் பின்னால் இருக்கும் ரேங்க்காரர், அதே கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும், உங்களைத் தாண்டி அந்த இடத்தை எடுக்க முடியாது. ஆனால் 'பாதுகாப்பான' கல்லூரியை முதலில் வைத்தால் அது கிடைத்துவிடும். அதைவிட மேலாக உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அரசுக் கல்லூரியைக் கணினி பார்க்கவே பார்க்காது.

எனவே உண்மையில் எது வேண்டுமோ அதே வரிசையில் போடுங்கள். எட்டாது என்று நினைக்கும் அரசு நர்சிங் கல்லூரிகளையும் விட்டுவிடாதீர்கள். அவற்றுக்குக் கீழே சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு (கலந்தாய்வு வழியாக நிரப்பப்படும்) இடங்கள். ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பி.எஸ்சி. நர்சிங்கைத் தனியாக நடத்துவதில்லை. பி.பார்ம்., பிசியோதெரபி, ரேடியாலஜி, ஆப்டோமெட்ரி போன்ற துணை மருத்துவப் பட்டப்படிப்புகளோடு ஒரே கலந்தாய்வு. நர்சிங் கிடைக்காவிட்டால் பிசியோதெரபி போதும் என்றால் அதைக் கீழே சேருங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் பட்டியலை நீட்டிக் காட்டுவதற்காகச் சேர்க்காதீர்கள். கிடைத்துவிட்டால் பிறகு விலக வேண்டிவரும்.

பட்டியலைப் பூட்டும் முன் அச்செடுத்து, கல்லூரியின் பெயரையும் ஊரையும் படிப்பையும் வரிக்கு வரி படியுங்கள். ஒரே அறக்கட்டளை பெயரில் மூன்று ஊரில் கல்லூரி இருக்கும். பக்கத்து வரியில் விரல் தட்டி நர்சிங்குக்குப் பதில் பி.பார்ம். விழுந்துவிடும். பிரவுசிங் சென்டரில் போடுவதானால் கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒதுக்கீட்டுக் குறுஞ்செய்தி அவருக்குப் போய், சேரும் கடைசி நாள் கடந்தபின் ஓடி வருபவர்கள் உண்டு.

முதல் சுற்றில் எதுவும் வரவில்லை. அடுத்த சுற்றில் வருமா? வராவிட்டால் ஒரு வருடம் வீட்டில் இருந்து அடுத்த ஆண்டு முயற்சி செய்யலாமா, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) சேரலாமா?
- கட்-ஆஃப் 158, எம்.பி.சி., தேனி

அடுத்த சுற்றில் வர வாய்ப்புண்டு. காரணம் சொல்கிறோம். மேல் ரேங்க்கில் இருப்பவர்களில் பலர் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா என்று வேறு கலந்தாய்வுகளிலும் நிற்பவர்கள். அங்கே இடம் கிடைத்ததும் நர்சிங்கை விட்டுவிடுவார்கள். வேறு சிலர் ஒதுக்கீட்டு ஆணை வாங்கியும் குறித்த நாளில் கல்லூரியில் சேர மாட்டார்கள். இந்த இடங்கள்தான் அடுத்த சுற்றுக்கு வருகின்றன. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் விருப்பப் பட்டியலைப் புதிதாகக் கேட்கிறார்களா என்று தேர்வுக் குழுவின் தளத்தில் தினமும் பாருங்கள். கேட்டால், முதல் சுற்றில் போட்ட பட்டியல் தானாகத் தொடரும் என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. ஒதுக்கிய இடத்தில் சேர்ந்துகொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாமா, விலகினால் கட்டணம் பிடிப்பார்களா என்பதற்கான விதிகளை அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஓடுவது பெரும்பாலும் முந்தைய ஆண்டு விதி.

ஒரு வருடம் காத்திருப்பதைப் பற்றி எங்கள் கருத்து கறாரானது. மாநிலக் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடக்கிறது. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்றவர் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி தேர்வு எழுத வழியில்லை. அடுத்த ஆண்டும் நீங்கள் அதே 158-உடன்தான் வருவீர்கள். புதிய கல்லூரிகளால் இடம் கூடலாம்: 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுக்க 157 நர்சிங் கல்லூரிகள் தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, அதில் தமிழ்நாட்டுக்கு 11. ஆனால் அதை நம்பி ஓர் ஆண்டை வைத்துச் சூதாடுவதற்கில்லை. காத்திருப்பதில் அர்த்தம் உள்ளவர் ஒருவர்தான்: நீட்டுக்கோ எய்ம்ஸ் நுழைவுத் தேர்வுக்கோ உண்மையாகப் படிக்கப்போகிறவர்.

ஜி.என்.எம். கணக்கு இப்படி. அது 3 ஆண்டு. முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தபின், அதைப் பட்டமாக உயர்த்தும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு. மொத்தம் 5. ஓராண்டு காத்திருந்து 4 ஆண்டு பி.எஸ்சி. படித்தாலும் அதே 5. முதல் வழியில் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே கையில் வேலைக்கான தகுதி இருக்கும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் செவிலியர் தேர்வுக்கு இரு படிப்பும் ஏற்கப்படுகின்றன. வித்தியாசம் தெரியும் இடம் எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வு: பி.எஸ்சி. முடித்தவர் அனுபவமின்றி எழுதலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் இடங்கள் குறைவு, அதிலும் போட்டி உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெங்களூரில் நர்சிங் சீட் 'கன்ஃபார்ம்' என்று ஒருவர் ₹25,000 முன்பணம் கேட்கிறார். அசல் சான்றிதழ்களையும் இப்போதே கொடுக்கச் சொல்கிறார். நம்பலாமா?
- தந்தை, திருப்பத்தூர்

பணமும் கொடுக்காதீர்கள், சான்றிதழும் கொடுக்காதீர்கள். பெங்களூரில் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் சேர இடைத்தரகர் தேவையில்லை. அசல் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே கல்லூரிகளுக்கு அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை தரகருக்கு எங்கிருந்து வந்தது?

தரகர் சொல்லும் கல்லூரியின் முழுப்பெயரை எழுதி வாங்குங்கள். பிறகு மூன்று இடத்தில் தேடுங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில் தளம், அந்த மாநில நர்சிங் கவுன்சில், இணைப்பு தரும் பல்கலைக்கழகம். கர்நாடகத்தில் பல கல்லூரிகள் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு, அதே படிப்புக்கு, எத்தனை இடங்களுக்கு அனுமதி என்று பாருங்கள். ஜி.என்.எம். அனுமதி மட்டும் வைத்துக்கொண்டு பி.எஸ்சி.க்கு ஆள் சேர்ப்பதும், 60 இடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு அதற்கு மேல் சேர்ப்பதும் நடக்கின்றன. கூடுதலாகச் சேர்ந்தவருக்குப் பல்கலைக்கழகப் பதிவு எண் வராது. அது தேர்வு நெருங்கும்போதுதான் தெரியும்.

பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கையுள்ள சொந்த மருத்துவமனை வேண்டும், பயிற்சியில் ஒரு மாணவருக்கு 3 நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்பது கவுன்சில் விதி. நேரில் போய் வார்டைப் பாருங்கள். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, மனநலப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்காதீர்கள். செய்முறைப் பயிற்சியில் வருகை 100 சதவீதம் முடிக்காமல் பட்டம் கிடையாது. மருத்துவமனையே சரியாக இல்லாத கல்லூரியில் அந்த நாட்களை ஈடுகட்டுவது பெரும்பாடு.

மகள் கன்னடம் கொஞ்சம் பேசப் பழகவேண்டி வரும். சமூக சுகாதாரப் பயிற்சிக்குக் கிராமங்களுக்குப் போகும்போது ஆங்கிலம் உதவாது. படித்து முடித்தபின் முதலில் கர்நாடக கவுன்சிலில் பதிவு செய்து, பிறகு தமிழ்நாட்டு கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். முடியாத காரியமல்ல, சில மாத அலைச்சல்.

இதைவிட மோசமானது உள்ளூரிலேயே இருக்கிறது. 'ஒரு வருட டிப்ளமோ நர்சிங்' என்று சுவரொட்டி ஒட்டும் நிறுவனங்கள். அதைப் படித்தால் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்ய முடியாது. கவுன்சில் ஏற்கும் அடிப்படைப் படிப்புகள் ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. 4 ஆண்டு. அஞ்சல் வழியில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் என்று எதுவும் இல்லை.

நர்சிங்குக்கு நீட் வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- மாணவி, கடலூர்

இரண்டுமே சரிதான், எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்து. தமிழ்நாட்டு மாநிலக் கலந்தாய்வுக்கு வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரி ஜிப்மருக்கு வேண்டும். ராணுவ நர்சிங் சேவைக்கான 4 ஆண்டுப் படிப்புக்கும் நீட் மதிப்பெண்ணில்தான் முதல் கட்டத் தேர்வு. அது பெண்களுக்கு மட்டும். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களில் மொத்தம் 220 இடங்கள். எய்ம்ஸ் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது. வேலூர் சி.எம்.சி.யும் தனியாக விண்ணப்பம் வாங்கித் தேர்வு நடத்துகிறது. ஆகவே பிப்ரவரி, மார்ச்சிலேயே நீட் விண்ணப்பத்தைப் போட்டு வைப்பது நல்லது. பிளஸ் டூ முடிவு வந்தபின் யோசித்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

என்னென்ன சான்றிதழ்கள் தயாராக இருக்க வேண்டும்?
- மாணவர், அரியலூர்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். வெளிமாநிலத்தில் சில வகுப்புகள் படித்திருந்தால் பிறப்பிடச் சான்றிதழும். வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லையென்றால், கட்டணச் சலுகைக்காக முதல் பட்டதாரி சான்றிதழ். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது.

தாமதம் எப்போதும் சாதிச் சான்றிதழிலும் முதல் பட்டதாரியிலும்தான். இ-சேவையில் பதிவு செய்தபின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று போகும். பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே போட்டுவிடுங்கள். இனிஷியல் பத்தாம் வகுப்புப் பட்டியலில் முன்னாலும் ஆதாரில் பின்னாலும் இருந்தால் பெரிய சிக்கலில்லை. ஆனால் அப்பா பெயர் எழுத்தே மாறியிருந்தால் சரிபார்ப்பில் நிறுத்துவார்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள்.

6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ₹1,000 பெறலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்குக் கல்லூரியில் சேர்ந்தபின் விண்ணப்பித்தால் போதும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கணினி அறிவியல் குரூப் (கணிதம், இயற்பியல், வேதியியல்) படித்தேன். நர்சிங் சேரலாமா?
- மாணவி, ஓசூர்

பி.எஸ்சி. முடியாது, உயிரியல் கட்டாயம். ஜி.என்.எம்.க்கு இந்திய நர்சிங் கவுன்சில் எந்தப் பிரிவையும் ஏற்கிறது. ஆங்கிலத்துடன் 40 சதவீதம் போதும். சேரவிருக்கும் நர்சிங் பள்ளியின் சேர்க்கை விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள், அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை தருவார்கள்.

ஆண்கள் பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாமா?
- மாணவர், பரமக்குடி

படிக்கலாம். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் ஆண்களைச் சேர்ப்பதில்லை. பெண்கள் கல்லூரிகளும் விருப்பப் பட்டியலில் கலந்து நிற்கும். விருப்பம் போடும் முன் இட விவரத்தைப் பாருங்கள், விடுதி உண்டா என்றும் கேளுங்கள். பல நர்சிங் கல்லூரிகளில் விடுதி பெண்களுக்கு மட்டுமே.