லென்ஸ் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண் பற்றியவை. அதனால் மிக்ஸி, மெத்தைக் கடிதங்களை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். என் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, வறட்சியும் கூடவே குடியிருக்கிறது. வைத்தியத்தை டாக்டர் சொல்வார். காசு கொடுக்கிற இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

எனக்கு 67 வயது. இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் போட்ட அட்டையைக் காட்டினார்கள். மகன் பிளாட்டினமே எடு என்கிறான். எதை எடுக்கட்டும்? — மேற்கு மாம்பலம் வாசகி

இப்போதைக்கு எதையும் எடுக்காதீர்கள் அம்மா. கோல்டு என்று எந்த லென்ஸும் கிடையாது. அது அந்த ஆஸ்பத்திரி தன் விலைப்பட்டியலுக்கு வைத்துக்கொண்ட பெயர். உங்கள் கண்ணுக்குள் போகப்போகிற லென்ஸுக்குக் கம்பெனி பெயர் இருக்கிறது, மாடல் இருக்கிறது, பவர் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கிறது. "கோல்டு, அறுபத்திரண்டாயிரம்" என்று மட்டும் சொன்னால் இதில் ஒன்றுகூட உங்களுக்குத் தெரியாது.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அயர்ன் பாக்ஸ் வாங்கினால் வாரண்டி கார்டில் கடை முத்திரை விழுந்ததா என்று பார்க்கிறோம். ஆயுசுக்கும் கண்ணுக்குள் இருக்கப்போகிற பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கேட்பதில்லை. லென்ஸ் பெட்டிக்குள்ளேயே சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும், ஒன்றை உங்கள் கையில் தருகிற கார்டில் ஒட்ட வேண்டும். கேட்காதவர்களுக்குப் பல இடங்களில் கிடைப்பதில்லை.

என் வீட்டுக்காரருக்கு 2014-ல் இடது கண்ணில் செய்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் "இம்போர்ட்டட் ஃபோல்டபிள் லென்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்று வருடம் கழித்து வலது கண்ணுக்கு வேறு டாக்டரிடம் போனோம். இடது கண்ணில் என்ன லென்ஸ், என்ன பவர் என்று அவர் கேட்டார். பழைய ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை அலைந்தேன். ஃபைல் குடோனில் இருக்கிறது, தேடிச் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை. கொடுக்காதது அவர்கள் தப்பு, அன்றைக்கே கேட்டு வாங்காமல் வந்தது என் தப்பு.

இனி வகைகள். மோனோஃபோகல் லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்கக் கண்ணாடி போட வேண்டும். மல்டிஃபோகல் கிட்டத்தையும் தூரத்தையும் பங்குபோட்டுக் காட்டும். கண்ணாடி குறையும், ஆனால் கொஞ்சம் பளிச்சும் குறையும். கண்ணில் சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு டோரிக். விலை ஏறுவதால் பார்வைக் கூர்மை ஏறாது. கோலம் போடவும் பேப்பர் படிக்கவும் கண்ணாடி போட்டுக்கொள்வதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால் மோனோஃபோகல் நல்ல லென்ஸ். நான் இரண்டு கண்ணிலும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இம்போர்ட்டட் என்றால் உசத்தி என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலில் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். அதற்குப் பிறகும் நம் ஊரில் வெகுகாலம் அது எட்டாத பொருள். என் பாட்டி ஆபரேஷன் செய்துகொண்டும் கடைசிவரை சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் இருந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் விலை சாதாரண ஜனங்களுக்கு இறங்கியது. அங்கே செய்கிற லென்ஸ் பல நாடுகளுக்குப் போகிறது.

ஆகவே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய், பேக்கேஜைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: லென்ஸுக்கு எவ்வளவு, டாக்டர் கட்டணம் எவ்வளவு, தியேட்டருக்கு எவ்வளவு, ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை முறை பார்ப்பது இதில் சேர்த்தி. லென்ஸின் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட லென்ஸ் கணக்கில் வாங்கக்கூடாது. எழுதித் தர மறுத்தால் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் அவசரம் என்று சொல்லாதவரை புரைக்கு நாள் இருக்கிறது.

கத்தியில்லாத லேசர் முறைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 கூடுதலாகக் கேட்கிறார்கள். தேவையா? — அண்ணா நகர் வாசகர்

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. எல்லோரும் "லேசர் ஆபரேஷன்" என்று சொல்கிற வழக்கமான ஃபேகோவில் லேசரே கிடையாது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியாக அல்ட்ராசவுண்ட் அதிர்வில் புரையை உடைத்து உறிஞ்சுகிறார்கள். உங்களிடம் கூடுதலாகக் கேட்கிற நிஜமான லேசர் முறையான ஃபெம்டோவையும் இந்த ஃபேகோவையும் பிரான்சிலும் பிரிட்டனிலும் ஒப்பிட்டுப் பார்த்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்வையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உங்கள் கண்ணுக்கென்று தனிக் காரணம் ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்லட்டும், பேக்கேஜ் பேசுகிற ஆஸ்பத்திரி கவுன்சலர் சொன்னால் போதாது.

மல்டிஃபோகல் வைத்து மூன்று மாதம். ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. வேளச்சேரி மெயின் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டப் பயமாக இருக்கிறது. "கண்ணாடியே வேண்டாம்" என்று மட்டும்தான் சொன்னார்கள். 1,10,000 கட்டினேன். — வேளச்சேரி வாசகர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனசு கஷ்டமாக இருந்தது. வளையம் தெரிவது இந்த வகை லென்ஸின் தெரிந்த குணம். ராத்திரியில் வண்டி ஓட்டுகிறீர்களா என்று முதலில் கேட்டிருக்க வேண்டியது அவர்கள். நீங்கள் தெரிந்துகொள்ளவில்லையே என்று யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

சில மாதங்களில் மூளை பழகிப் பலருக்கு வளையம் மங்கும். கண் வறட்சி இருந்தாலும் வளையம் கூடும் என்பதால் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று: லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கியிருக்கிறது, அதில் துளை போடும் யாக் லேசர் போட்டுவிடலாம் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அது போட்ட பிறகு லென்ஸை மாற்றுவது மிகவும் சிக்கலாகிவிடும். மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று வேறொரு டாக்டரிடம் கேட்டு முடிவு செய்த பிறகு அதைப் பார்க்கலாம்.

கேஸ் ஷீட் நகலையும் நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தின் நகலையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். காசு வாங்கிச் செய்கிற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. விவரம் சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது என்று 2008-ல் இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. வளையம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது, முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதை வைத்து நிற்கலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து, மூன்று பாட்டில் 1,999 என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கலாமா? — ஆவடி வாசகர்

புரை சொட்டு மருந்தில் கரையாது. இப்படி விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம், அந்தப் பட்டியலில் கண்புரை பெயர் சொல்லியே இருக்கிறது. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி மெடிக்கல்ஸில் அதே டிராப்ஸ் வாங்கி ஆறு மாதமாகப் போடுகிறேன். எரிச்சல் போய்க் கண் பளிச்சென்று இருக்கிறது. தொடரலாமா? — பல்லாவரம் வாசகர்

கடிதத்தோடு வைத்திருந்த பாட்டில் படத்தைப் பார்த்தேன். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், அழுத்தம் ஏறுவது வலிக்காது, அப்படிப் போகிற பார்வை திரும்ப வராது. புரையும் சீக்கிரம் வரும். நாளைக் காலையில் பாட்டிலோடு கண் டாக்டரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். இன்னொருவர் கண்ணுக்கு எழுதிய மருந்தை வாங்கிப் போட்டுவிட்டு ஆறாவது மாதம் தொடரலாமா என்று கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை ஐயா.

நானும் ஒருமுறை சீட்டில்லாமல் வாங்கியிருக்கிறேன். கண் சிவப்பைப் போக்கும் என்று கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்து. போட்ட பத்தாவது நிமிடம் வெள்ளையாகும், மாலையில் முன்பைவிடச் சிவக்கும். அந்த வகை மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கி வைக்கும். விட்டதும் குழாய் இன்னும் விரியும். வறட்சிக்கு அது மருந்தே இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு பாட்டில் ஆனது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானால் தண்ணீராகக் கொட்டுகிறது. கேட்டால் "வறட்சி" என்று சொட்டு மருந்து எழுதுகிறார் டாக்டர். தண்ணீர் கொட்டுகிற கண்ணில் எப்படி வறட்சி? ஏமாற்றுகிறார்களா? — பெரம்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

ஏமாற்றவில்லை டீச்சர். கண்ணீர்ப் படலத்தில் மேலே மெல்லிய எண்ணெய் இருக்கிறது. இமை ஓரத்துச் சுரப்பிகள் அதைத் தருகின்றன. வயசாக ஆக அவை அடைபடும். எண்ணெய் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, காய்ந்த கண் உறுத்தும். உறுத்தல் தாங்காமல் கண் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீர் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். ஆபரேஷனில் கருவிழியின் நுண்ணிய நரம்புகள் வெட்டுப்படுவதாலும், பிறகு போடுகிற சொட்டு மருந்துகளாலும் வறட்சி கூடும். பலருக்கு மூன்று மாதத்துக்குள் அடங்கும். அடங்காவிட்டால் மறுபடி காட்டுங்கள்.

எனக்கு முதல் கண்ணில் நடந்ததைச் சொல்கிறேன். வறண்ட கண்ணோடு போய் உட்கார்ந்தேன், அன்றைக்கே லென்ஸ் பவருக்கு அளவெடுத்தார்கள், மறுவாரம் ஆபரேஷன். கண்ணின் மேற்பரப்பு காய்ந்திருந்தால் அளவு தப்பும். எனக்குத் தப்பியது. தூரத்துக்குக் கண்ணாடியே தேவைப்படாது என்றார்கள், இன்றும் அந்தக் கண்ணுக்குப் பவர் போட்டால்தான் பஸ் நம்பர் தெரிகிறது. இரண்டாவது கண்ணுக்குப் போன டாக்டர் முதலில் மஞ்சள் சாயத்தை இமைக்குள் தொட்டு நீல விளக்கில் பார்த்தார். "இப்ப அளக்க வேண்டாம், ஒரு மாசம் வறட்சியைப் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பினார். அந்தக் கண் சரியாக அமைந்தது. இனி ஆபரேஷன் செய்துகொள்ளப்போகிறவர்கள் அளவெடுக்கும் முன் "என் கண் வறண்டிருக்கிறதா, பார்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது வாங்குவது பற்றி. பாட்டிலில் வருகிற செயற்கைக் கண்ணீரில் கெடாமலிருக்க ஒரு மருந்து சேர்த்திருப்பார்கள். அடிக்கடி போட்டால் அதுவே கண்ணை அரிக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால் பிரசர்வேடிவ் இல்லாததைக் கேளுங்கள். துண்டு துண்டாக ஒடித்துப் போடும் குப்பியில் வரும். விலை கூடுதல்தான். சாதாரண பாட்டிலை உடைத்தால், உடைத்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு பாதி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். எக்ஸ்பைரி தேதி உடைக்காத பாட்டிலுக்கு.

காசில்லாத வைத்தியமும் உண்டு. ஆபரேஷன் ஆறிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பழைய காட்டன் துண்டை நான்காக மடித்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுடக்கூடாது, இதமாக இருக்க வேண்டும். மூடிய கண் மேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனையுங்கள். ஐந்திலிருந்து பத்து நிமிடம். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் லேசாகத் தடவுங்கள். ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்கிற மாதிரி கட்டில் கிடந்தால் திருப்பிப் போடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் அலர்ஜி மாத்திரை தினமும் போடுகிறவராயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் கண்ணை உலர்த்தும்.

வறட்சிக்கு மீன் எண்ணெய் மாத்திரை, நீல ஒளிக் கண்ணாடி இரண்டும் வாங்கச் சொல்கிறாள் மகள். — அடையாறு வாசகி

இரண்டையும் நான் வாங்கியிருக்கிறேன். கண்ணாடி 2,800, மாத்திரைக்கு எட்டு மாதம் செலவழித்தேன். 2018-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். நீல ஒளிக் கண்ணாடியால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். போனைப் பார்க்கும்போது கண் சிமிட்ட மறந்துவிடுகிறோம், உறுத்தல் அதனால்தான். சிமிட்டுங்கள்.

பாலிசி எடுத்து 14 மாதத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். க்ளெய்ம் தள்ளுபடி. அநியாயம் இல்லையா? — தாம்பரம் வாசகர்

பாலிசி நகலில் நீங்களே பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருக்கிற பக்கத்திலேயே "கண்புரை: 24 மாதக் காத்திருப்பு" என்று இருக்கிறது. அநியாயம் இல்லை. வாங்கின அன்றைக்குப் படித்திருக்க வேண்டும்.

வீட்டு வேலை செய்கிறேன். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வார்கள் என்கிறார்கள். இலவசம் என்றால் நல்லதாக இருக்காது என்று பயமுறுத்துகிறார்கள். (மகள் எழுதிய கடிதம்) — சூளை

பயப்படாமல் போங்கள் அம்மா. அந்த ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. ஊரிலுள்ள எத்தனையோ கண் டாக்டர்கள் அங்கே கற்றுக்கொண்டு வந்தவர்கள். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். லென்ஸ் ஸ்டிக்கரை அங்கேயும் கேட்டு வாங்குங்கள், இலவசமானாலும் அது உங்கள் கண்.

எத்தனை நாள் குனிந்து பெருக்கக்கூடாது, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் எத்தனை நாள் முகத்தில் தெறிக்கக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வேலை செய்கிற வீடுகளில் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கிற வீடு இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடச் சொல்லுங்கள் மகளிடம்.