கறுப்புக் காரும் கத்திரி வெயிலும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கறுப்பு கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசியைத் துடைத்துத்தான் வைக்கிறோம். ஆனாலும் வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடுகள். வேலூர் வெயிலுக்குப் பெயிண்ட் வெடித்துவிட்டதா? – காட்பாடி வாசகர்

பதில்: வெடிக்கவில்லை. அந்தக் கோடுகளைப் போட்டது வெயில் இல்லை, காய்ந்த துணி. வண்டியின் நிறத்துக்கு மேலே 'கிளியர் கோட்' என்று நிறமற்ற படலம் ஒன்று இருக்கிறது. அதன் கனம் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. நம் பக்கத்துத் தூசியில் பாலாற்று மணலும் ஜல்லி கிரஷர் தூளும் கலந்திருக்கும். அந்தத் துகள்கள் கிளியர் கோட்டைவிடக் கெட்டி. அதன் மேல் துணியை இழுப்பது மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வெள்ளை வண்டியிலும் இதே கோடு விழத்தான் செய்கிறது. கறுப்பில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

நாளை முதல் காய்ந்த துணியை நிறுத்துங்கள். இறகுத் தட்டியும் வேண்டாம். தூசி படிந்தால் படிந்தபடி இருக்கட்டும், கெடுதல் இல்லை. வாரம் ஒரு முறை ஒழுங்காகக் கழுவினால் போதும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக அடித்து மணலை இறக்குங்கள். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் விட வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். கூரை, கண்ணாடி, பானட், கதவு, கடைசியில் கீழ்ப்பகுதி. சக்கரத்துக்கு வேறு துணி. பாத்திரம் கழுவும் சோப்பு, மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும், அதைத் தொடாதீர்கள்.

விழுந்த கோட்டுக்கு, 'ரப்பிங் போட்டால் போய்விடும்' என்பார்கள். போகும்தான். ஆனால் கோடு நிரம்பிப் போவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சில மைக்ரான் சீவித்தான் சமப்படுத்துகிறார்கள். வெயிலைத் தாங்கும் ரசாயனம் இருப்பதும் அந்தப் படலத்தில்தான். தீபாவளிக்குத் தீபாவளி ரப்பிங் போட்ட வண்டிகள்தான் சில வருஷத்தில் கூரையில் வெளுத்துத் தோல் உரிகின்றன. கழுவும் முறையை மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை, மென்மையான பாலிஷால், கனம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: போர் தண்ணீரில் கழுவுகிறோம். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, தேய்த்தாலும் போகவில்லை. – ஆற்காடு வாசகர்

பதில்: அது தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்பு. பக்கெட்டின் உள்பக்கம் படிகிறதே, அதேதான். சூடான தகட்டில் தண்ணீர் நொடியில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப்போகிறது. காலை ஏழு மணிக்குள், அல்லது சாயங்காலம் பானட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியாதபோது கழுவுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் காயவிடாமல் அலசுங்கள். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீரோ, ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரை வடிகட்டியோ ஐந்தாறு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு அநேகமாக இருக்காது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைப் பலர் காருக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம்!

இப்போதுள்ள புள்ளிக்கு: வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. துணியில் நனைத்துப் புள்ளி மேல் ஒன்றிரண்டு நிமிஷம் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நிழலில், ஆறிய தகட்டில் மட்டும். அதற்கும் போகாமல் விளிம்பு மட்டும் வட்டமாகத் தெரிந்தால், உப்பு படலத்தை அரித்துவிட்டது, பாலிஷ்தான் வழி.

கேள்வி: பெயிண்டைக் காக்க மேலே பூசுவது மெழுகா, செராமிக் பூச்சா? – குடியாத்தம் வாசகர்

பதில்: கார்னாபா மெழுகு கறுப்புக்கு நல்ல ஆழம் கொடுக்கும். ஆனால் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், கறுப்புத் தகடு கையை வைக்க முடியாதபடி சுடும். மெழுகு ஒரு மாதம் தாங்கினாலே பெரிது. மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான சீலன்ட் மூன்று நான்கு மாதம் நிற்கும். வீட்டிலேயே போடலாம், செலவும் குறைவு. என் தேர்வு அதுதான். செராமிக் இன்னும் நீடிக்கும். ஆனால் அது ஓரிரு மைக்ரான் படலம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி சக்கரம் தெறிக்கும் கல்லைத் தடுக்காது, உப்புப் புள்ளியையும் தடுக்காது. கல்லடிக்கு, பெயிண்டின் மேல் ஒட்டும் தடித்த நிறமற்ற பிளாஸ்டிக் தாளான பி.பி.எஃப். பிலிம்தான்; பம்பர், பானட் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டினாலும் பலன் உண்டு. எதுவானாலும் அடைமழை மாதங்களில் போடாதீர்கள். ஈரக் காற்றில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தை, மாசி நல்ல நேரம்.

கேள்வி: வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். காக்காய் எச்சம் தடம் விட்டுப்போகிறது. கவர் போடலாமா? – சத்துவாச்சாரி வாசகர்

பதில்: வெயிலில் கிளியர் கோட் இளகும், ராத்திரி ஆறும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகும். அந்தத் தடம்தான் நீங்கள் பார்ப்பது. அதனால் விழுந்த அன்றே எடுக்க வேண்டும். ஈரத் துணியை மேலே ஐந்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுங்கள். வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கட்டும். கவர், கழுவிய வண்டி மேல் மட்டும். தூசி மேல் போட்டால் காற்றில் அசைந்து அதுவே கோடு போடும். மழையில் நனைந்த கவரை உடனே கழற்றுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் பெயிண்டில் பால் மாதிரி மங்கல் படரும்.