தேனிலவுப் பயணத் திட்டத்தில் வரும் ‘ஓரிடவாழ் விலங்கு’ என்றால் என்ன?

வேலூரிலிருந்து போர்னியோ தீவுக்குத் தேனிலவு செல்லத் திட்டமிடுபவர்களுக்கு எழும் கேள்வி இது. உலகில் ஒரே நிலப்பகுதியில் மட்டும் இயற்கையாக வாழ்வதே ஓரிடவாழ் விலங்கு. போர்னியோ போன்ற தீவுகளில் கடல் சூழ்ந்துவிடுவதால் வெளியினத்தோடு கலக்க வழியில்லை; தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டுக்கேற்ப உடல் மாறிவிடுகிறது.

நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பைத் தொட்டாலே முள் குத்தும். அந்த ஊர் மண்ணும் அங்கேயே எடுத்துவைத்த விதையும் சேர்ந்து தந்த தனிக்குணம் அது. போர்னியோவின் நீள்மூக்குக் குரங்கும் அப்படித்தான். கினபத்தாங்கன் ஆற்றில் மாலைப் படகுச் சவாரிக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள்; உறங்குவதற்காக அவை கரையோர மரங்களுக்கு வரும் வேளை அது. ஆண் குரங்கின் மூக்கு வாயைத் தாண்டித் தொங்கும்!

ஓரிடவாழ் என்றால் காணக் கிடைக்காத அளவுக்கு அரிது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்தச் சொல் வாழிடத்தைத்தான் குறிக்கிறது, எண்ணிக்கையை அல்ல.