மூச்சிரைப்புக்கு ஃப்ளேவனாய்டு கேப்ஸ்யூல் வாங்கலாமா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் தாயாருக்கு வயது 63. பனிக்காலம் வந்தால் இருமலும் மூச்சிரைப்பும் கூடிவிடுகின்றன. மருத்துவர் தந்த இன்ஹேலரைப் பயன்படுத்துகிறார். வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர், தாவர ஃப்ளேவனாய்டு கேப்ஸ்யூலை நாளுக்கு இரண்டு வீதம் மூன்று மாதம் சாப்பிட்டால் நுரையீரல் சுத்தமாகும், இன்ஹேலரே வேண்டாம் என்கிறார். 60 கேப்ஸ்யூல் கொண்ட டப்பா 1,800 ரூபாய். வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இன்ஹேலரை விட்டுவிடும் எண்ணத்தோடு தயவுசெய்து வாங்காதீர்கள். நோயைக் கட்டுக்குள் வைக்கும் இன்ஹேலரைத் திடீரென நிறுத்தினால் மூச்சுக்குழாயின் அழற்சி மீண்டும் தலைதூக்கும். நள்ளிரவில் இழுப்பு முற்றினால், மலைப்பாதையில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃப்ளேவனாய்டு என்பது வெங்காயம், ஆப்பிள், தேயிலை முதலியவற்றில் இயல்பாகவே உள்ள ஒரு பெரிய சேர்மக் குடும்பம். வெங்காயத்திலுள்ள குவெர்செட்டினும் தேயிலையிலுள்ள கேட்டச்சினும் அதைச் சேர்ந்தவை. ஒவ்வாமையின்போது வெளிப்படும் ஹிஸ்டமினைக் குவெர்செட்டின் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 சோதனைகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளேவனாய்டு எடுத்துக்கொண்டவர்களுக்குச் சளி, தொண்டைத் தொற்று போன்றவை வருவது ஏறத்தாழ 33 சதவீதம் குறைந்திருந்தது. விற்பனையாளரின் பேச்சில் உண்மை என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான். அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான பெரியவர்கள். பார்க்கப்பட்டது மூக்கு, தொண்டைத் தொற்று. சுருங்கிப்போன மூச்சுக்குழாயைக் கேப்ஸ்யூல் விரிக்கும் என்றோ, இன்ஹேலருக்கு ஈடாகும் என்றோ அதிலிருந்து யாரும் முடிவுகட்ட முடியாது.

மூச்சுக்கு உதவும் மருந்து தாவரத்திலிருந்து வரவே வராது என்று நான் சொல்லவில்லை. நம் பாட்டிமார் கஷாயம் வைத்த ஆடாதோடையின் வாசிசின் என்ற ஆல்கலாய்டை அடிப்படையாகக் கொண்டுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. ஆனால் அது அளவு வரையறுக்கப்பட்டு, நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, மருந்தாகவே உரிமம் பெற்று வந்தது. உங்களிடம் காட்டப்பட்ட டப்பா அநேகமாக உணவுப் பிரிவில் உரிமம் பெற்றதாக இருக்கும். அப்படியானால் அதில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருள்படும் வாசகமும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த வாசகத்தை விற்பனையாளரிடமே படித்துக் காட்டச் சொல்லுங்கள். உரிம எண் நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது.

டப்பாவில் ‘தாவரச் சாறு 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால், அதில் ஃப்ளேவனாய்டு எத்தனை மி.கி. என்பது தெரியாமலேயே பணம் கொடுக்கிறீர்கள். விற்பனையாளர் சொன்ன கணக்கில் மூன்று மாதத்துக்கு 5,400 ரூபாய் ஆகும். அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்வது எவ்வளவோ மேல். தாயார் பல்லாண்டு விறகடுப்பில் சமைத்தவர் என்றால் அதை அவசியம் சொல்லுங்கள். ஆஸ்துமாவா, புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். பனிக்காலத்தில் மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வதையும் விட்டுவிடச் செய்யுங்கள். இன்ஹேலரின் விலைதான் சுமை என்றால் அரசு மருத்துவமனையிலும் மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

வெங்காயமும் தேநீரும் வழக்கம்போல இருக்கட்டும். செறிவூட்டிய கேப்ஸ்யூல் என்றால், குறிப்பாக வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கிரீன் டீ சாற்றுக் கேப்ஸ்யூலிலும் இதே கவனம் தேவை. அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டச்சின் நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்படுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

கேள்வி: நீலகிரித் தைலத்திலும் ஃப்ளேவனாய்டு இருக்கிறது, சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், உதகை

பதில்: கொடுக்கவே கூடாது. இலையை நீராவியில் வடிக்கும்போது ஆவியாகி வருவது பெரும்பாலும் சினியோல் என்ற வாசனைப் பொருள். ஃப்ளேவனாய்டு இலையிலேயே தங்கிவிடும். சிறிதளவு தைலம் வயிற்றுக்குள் போனாலும் சிறு குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். மூக்கருகில் தடவுவதும் வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஆஸ்துமா குணமாகும் என்று சொன்னதை நம்பி ஏற்கெனவே ஃப்ளேவனாய்டு கேப்ஸ்யூல் இரண்டு டப்பா வாங்கிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், குன்னூர்

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நேரடி விற்பனைக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரவே கூடாது. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ரசீது, டப்பா, துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப்பில் வந்த செய்தி எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தெரிவியுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும்.