புலிக்கூண்டைப் பின்பக்கத்திலிருந்து கட்டுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுவைப் பக்கம் ஓர் உயிரியல் பூங்கா அமைப்பதென்றால், அல்லது இருக்கிற சிறு பூங்காவைப் பெரிதாக்குவதென்றால், எதை எப்படிக் கட்டுவது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஒரு ஜோடிப் புலிக்கு ஒரு ஏக்கர் போதுமா? சட்டத்தில் அளவு ஏதும் உண்டா?
– ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், நெல்லிக்குப்பம்

அளவு உண்டு. ஒரு ஜோடிப் புலிக்கோ சிங்கத்துக்கோ திறந்தவெளி குறைந்தது 1000 சதுர மீட்டர். சிறுத்தை ஜோடிக்கு 500. புலி இரவில் தங்கும் அறை 2.75 மீட்டர் நீளம், 1.80 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். ஆக, காகிதத்தில் உங்கள் ஒரு ஏக்கர் தாராளம்.

ஆனால் புலிக்கூண்டு கெட்டுப்போவது முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில். பாறை, அருவி, புல்வெளி எல்லாம் வரைந்து முடித்து, மிச்சமிருக்கும் மூலையில் நைட் ஷெல்டரை, அதாவது இரவு தங்கும் அறைகளைத் திணிப்பார்கள். அங்கே வேலை செய்யும் கீப்பர் முப்பது வருஷம் அந்தத் தவறோடு மல்லுக்கட்டுவார். வரைபடத்தில் முதல் கோடு நைட் ஷெல்டருக்குத்தான் போட வேண்டும்.

இரண்டு புலி என்றால் இரண்டு அறை என்று கணக்குப் போடாதீர்கள், நான்கு வேண்டும். ஒன்று குட்டி போட்டால் தாய்க்கு இருட்டான, சத்தமில்லாத தனி அறை வேண்டும். இன்னொன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதையும் பிரிக்க வேண்டும். அறை போதாவிட்டால் ஏதோ ஒரு புலி மாதக்கணக்கில் வெளியே வராமல் அடைந்து கிடக்கும். உங்கள் ஒரு ஏக்கரை ஒரே வெளியாக விடாமல் இரண்டாகப் பிரித்து, நைட் ஷெல்டரிலிருந்து இரண்டுக்கும் தனித்தனிக் கதவு வையுங்கள். ஒரு பக்கம் புல் வளரட்டும், வேலியைப் பழுது பார்க்கட்டும், மறுபக்கம் விலங்கு இருக்கும்.

தரைக்கு 50-க்கு 1 சரிவு. 2.75 மீட்டர் அறையில் அது ஐந்தரை சென்டிமீட்டர் இறக்கம். வழவழப்பாகத் தேய்த்துவிடும் சிமெண்டுப் பூச்சு வேண்டாம். ஈரத்தில் புலி வழுக்கும். மிகச் சொரசொரப்பும் ஆகாது, பாதம் தேய்ந்து புண்ணாகும். படுக்க, தரையிலிருந்து 60–75 செ.மீ. உயரத்தில் மரப்பலகைப் பரண் போடுங்கள். ஈரச் சிமெண்டில் படுத்தே முழங்கை காய்த்துப்போன புலிகள் ஏராளம்.

சாக்கடையில்தான் பெரிய பிழை நடக்கிறது. முதல் அறையைக் கழுவிய நீர் இரண்டாம், மூன்றாம் அறை வழியாக ஓடி வெளியேறும்படி ஒரே வாய்க்கால் போட்டுவிடுவார்கள். ஒரு புலிக்கு வயிற்றுப்போக்கு என்றால் வரிசையில் இருக்கிற அத்தனைக்கும் வரும். ஒவ்வோர் அறைக்கும் தனி வாய், வெளிப்பக்கம் மூடிய பொது வாய்க்கால், வாயில் எலி நுழையாத கம்பித் தட்டு. அவ்வளவுதான்.

கதவு பக்கவாட்டில் நகர்வதாக, மேலிருந்து தொங்குவதாக இருக்கட்டும். கீழே தண்டவாளம் போட்டால் எலும்புத் துண்டும் வைக்கோலும் அடைத்து பாதியில் நின்றுவிடும். பாதி மூடிய கதவைப்போல ஆபத்து வேறில்லை. மேலிருந்து விழும் கதவென்றால், கம்பி அறுந்தால் விலங்கின் முதுகில் விழும். எதிர்ப் பாரம் இல்லாமல் அதை வைக்கவே கூடாது. கைப்பிடியை இழுக்கும் இடத்தில் நின்றால் இரண்டு அறையும் கண்ணில் பட வேண்டும். கீப்பர் நுழையும் வழியில் இரட்டைக் கதவு: ஒன்றைப் பூட்டிய பிறகே மற்றது திறக்க வேண்டும்.

விலங்கை நெருக்கி அசையாமல் நிறுத்தி ஊசி போட உதவும் ஸ்குவீஸ் கூண்டை எங்கோ ஒரு கொட்டகையில் போட்டு வைக்காதீர்கள். புலி தினமும் வெளியே போய்வரும் பாதையிலேயே பொருத்துங்கள். ஊசிக்கு மட்டும் அதில் அடைத்தால், இரண்டாம் தடவை ஆட்டிறைச்சி காட்டினாலும் உள்ளே வராது.

இரும்புக் கம்பி இல்லாமல் அகழி வைத்தால் பார்க்க அழகாக இருக்கிறதே. நம் ஊருக்கு அது சரிவருமா?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

வண்டலூரில் அழகாகத்தான் இருக்கிறது. சென்னை சென்ட்ரல் பக்கத்திலிருந்த பழைய பூங்காவை 1985-இல் அங்கே மாற்றியபோதே விசாலமான இடமும் மேட்டு நிலமும் கிடைத்தன. கடலோரத்தில் கதை வேறு. தரையைத் தோண்டினால் சில மீட்டரிலேயே நிலத்தடி நீர் ஊறும் இடங்கள் நிறைய. வறண்ட அகழி என்று வெட்டுவது ஐப்பசியில் குளமாகிவிடும். சில இடங்களில் உப்புக் குளமாகும். சுவருக்குப் பின்னால் நிற்கும் நீரின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளும். ஆகவே மனை வாங்கியதும் கார்த்திகை மாதத்தில் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறதென்று அளந்துவிட்டுப் பேசுங்கள். சித்திரையில் அளந்த கணக்கு ஏமாற்றும்.

செம்மண் மேடான பண்ருட்டிப் பக்கம் அகழி வெட்டலாம். புலிக்கு என்றால் பார்வையாளர் பக்கச் சுவர் 5 மீட்டர் செங்குத்து. விலங்கின் பக்கம் சரிவாக இறங்க வேண்டும். தவறி விழுந்த விலங்கு தானே ஏறி வர அந்தச் சரிவுதான் வழி. நீர் இருந்தால் தாண்டாது என்று நினைக்காதீர்கள். புலி நன்றாக நீந்தும். அதைத் தடுப்பது நீர் இல்லை, சுவர்.

அகழியில் விலங்கைவிட மனிதர்களுக்கு ஆபத்து அதிகம். 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் உயிரிழந்தார். கைப்பிடிச் சுவரில் குழந்தையைத் தூக்கி உட்கார வைக்க முடிகிறதென்றால் அந்தச் சுவர் தவறு. மேற்பகுதியைத் தட்டையாக விடாமல் பார்வையாளர் பக்கமாகச் சாய்த்து விடுங்கள், முன்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொரு தடுப்பும் செடிவரிசையும் வையுங்கள்.

நம் ஊருக்கு எங்கள் தேர்வு: சுற்றிலும் 5 மீட்டர் உயரச் செயின் லிங்க் (பின்னல் கம்பிவலை) வேலி, அதன் தலையில் உட்புறம் சாய்ந்த ஒன்றரை மீட்டர் வலை, பார்க்கும் இடத்தில் மட்டும் கனத்த லாமினேட் கண்ணாடி. கண்ணாடியில் உங்கள் முகமே தெரிகிறதென்றால் நீங்கள் நிற்கும் பக்கம் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். பார்வையாளர் மேடைக்கு ஆழமான கூரை போட்டு, அது தெற்கில் இருந்து வடக்கே பார்க்கும்படி அமைத்தால் வெயில் விலங்கின் மேல் விழும், கண் கூசாது. சிறுத்தைக்கு இந்த வேலி போதாது. அது செயின் லிங்கில் ஏணி ஏறுவதுபோல ஏறும். மேலே முழுக்க வலையால் மூடுங்கள்.

பத்து மான் விட்டால் நாலைந்து வருஷத்தில் நாற்பது ஆகிவிடும் என்கிறார்கள். உண்மையா? எங்கள் ஊரில் பலாப்பழக் கழிவு நிறைய மிஞ்சுகிறது, மானுக்குக் கொடுக்கலாமா?
– பலா வியாபாரி, பண்ருட்டி

உண்மை. புள்ளிமான் வருஷம் முழுக்கக் குட்டி போடும். ஏழரை மாதச் சினை, பெரும்பாலும் ஒரு குட்டி. பத்தில் ஏழு பெட்டை என்றால் முதல் வருஷமே ஐந்தாறு குட்டி எதிர்பார்க்கலாம். அவற்றில் பாதி பெட்டை, அவையும் சீக்கிரமே தாயாகும். புலியோ நாயோ குறைக்காத இடத்தில் பெருக்கம் நிற்காது. பல சிறு பூங்காக்கள் மான்பண்ணையாகிப் போனது இப்படித்தான். ஆரம்பத்திலேயே கிடாக்களைத் தனியே அடைக்க இன்னொரு வெளி போட்டு வையுங்கள். ஜோடிக்கு 1500 சதுர மீட்டர் என்பது தொடக்க அளவு, மந்தைக்கானது அல்ல.

வேலி 2.4 மீட்டர் உயரம். அதைவிட முக்கியம் மூலைகள். கூர்மையான மூலை இருந்தால் பலமுள்ள கிடா பலவீனமானதை அங்கே ஒதுக்கிக் கொம்பால் குத்தும். மூலைகளை வளைத்துவிடுங்கள். தீவனத் தொட்டி ஒன்றே ஒன்று வைத்தால் பெரிய கிடா மட்டும் தின்னும். நாலைந்து இடத்தில், ஒன்றுக்கொன்று இருபது அடி தள்ளி வையுங்கள். புதிதாக வந்த மான் கம்பிவலையைக் கண்ணில் காணாமல் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் வலைமேல் பச்சைத் துணியோ கீற்றுத் தட்டியோ கட்டி வையுங்கள். வேலிக்கடியில் அரையடி கான்கிரீட் பட்டை இல்லாவிட்டால் தெருநாய் தோண்டிக்கொண்டு வரும். நாய் கடித்துச் சாவதைவிட, மிரண்டு ஓடியே சாகும் மான்கள் அதிகம்.

பலா: இலை தாராளமாகப் போடலாம், ஆட்டுக்குப் போடுவதுபோல. சுளையும் சக்கையும் கூடை கூடையாகக் கொட்டாதீர்கள். அசைபோடும் விலங்கின் வயிற்றில் திடீரென்று அவ்வளவு இனிப்பு போனால் புளித்து அமிலமாகி, மான் சாப்பிடுவதை நிறுத்திப் படுத்துவிடும். ஒன்றிரண்டு கையளவு, அதுவும் பழக்கிக் கொடுத்தால் தவறில்லை. கழிவோடு வரும் பாலித்தீன் பையைப் பொறுக்கிவிட்டு அனுப்புங்கள். வேலியோரம் அரளி நடவே நடாதீர்கள். பூ அழகாக இருக்கிறதென்று நட்டு, மான் கடித்து இறந்தால் பழி கீப்பர் மேல் விழும்.

கடற்காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே அஞ்சு வருஷத்தில் உதிர்கிறது. கூண்டு என்ன கதியாகும்?
– வெல்டிங் பட்டறைக்காரர், தேவனாம்பட்டினம்

நீங்களே சொல்லிவிட்டீர்கள். துத்தநாகம் பூசிய கம்பியை வாங்கிவந்து பட்டறையில் பற்ற வைக்கும்போது, பற்றின இடத்தில் பூச்சு எரிந்துபோகிறது. துரு அங்கேதான் தொடங்கும். கூண்டின் சட்டங்களை முழுக்க வெல்டிங் செய்து முடித்த பிறகு, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுங்கள். தொட்டிக்குள் நுழையும் அளவுக்குத் துண்டுகளைப் பிரித்து, நட்டு போல்ட்டில் இணைப்பதுபோல வடிவமையுங்கள். தளத்தில் தவிர்க்க முடியாமல் பற்ற வைத்தால் அந்த இடத்தைத் தேய்த்து துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிவடம் போடுவதென்றால் 316 ரகம் கேளுங்கள். 304 கடலோரத்தில் டீக்கறை பிடித்ததுபோலாகும்.

கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடாக்கு, எம்30 தரத்துக்குக் குறையாத கலவை. வழக்கமாகக் கொத்தனார் விடும் முக்கால் அங்குலம் இங்கே போதாது. கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் குறுக்கே வரும். எங்களைக் கேட்டால், அந்தத் தூரத்துக்குள் மனையே வேண்டாம் என்போம்.

புயல் வந்தால்?
– ஆசிரியர், வில்லியனூர்

"வந்தால்" இல்லை, வரும்போது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் நம் கரையில்தான் ஏறியது. முந்திரியும் பலாவும் படுத்துக்கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் மழை. 1000 சதுர மீட்டர் புலிவெளியில் அந்த மழை 4,50,000 லிட்டர் நீர். அது எந்தப் பக்கம் போகும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போடவில்லையென்றால், வேலிக்கடியை அரித்துக்கொண்டு அதுவே வழி பார்க்கும்.

மரம் விழுந்து வேலி மடங்குவதுதான் விலங்கு தப்புவதற்கான நேரடி வழி. 2016-இல் வர்தா புயலில் வண்டலூரில் மரங்களோடு சுற்றுச்சுவரும் விழுந்தது. ஆகவே உயர மரத்துக்கும் வேலிக்கும் நடுவே மரத்தின் உயரத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். வேலியோரத்தில் புதரும் குறுமரமும் மட்டும். நம் பகுதியின் கோயில்காடுகளில் வளரும் வீரை, காயா போன்றவை மெதுவாக வளரும். ஆனால் காற்றுக்கு வளைந்து நிற்கும். புரட்டாசிக்குள் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

பறவைக் கூண்டின் மெல்லிய வலையில் ஈர இலை அப்பிக்கொண்டால் அது வலையல்ல, கப்பல் பாய், கம்பத்தோடு சாயும். மேல்வலையைக் கழற்றிச் சுருட்டும்படி கட்டி, பறவைகளை முந்தின நாளே உள்ளறைக்கு மாற்றுங்கள். பெரிய மாமிச விலங்குகள் எச்சரிக்கை வந்ததுமே நைட் ஷெல்டருக்குள். தினமும் மாலை உள்ளே வந்து சாப்பிடப் பழகிய விலங்குதான் அன்றைக்கும் வரும். அந்த நைட் ஷெல்டரை ஓடு போட்டுக் கட்டாமல் கான்கிரீட் கூரையாக, தரையைச் சுற்றுமட்டத்தைவிட இரண்டடி உயர்த்திக் கட்டியிருந்தால்தான் இதெல்லாம் பேச்சு.

மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி போனபிறகு பிள்ளைகள் யானை பார்க்க ஏங்குகிறார்கள். பூங்காவில் ஒன்று வைக்க முடியாதா?
– இல்லத்தரசி, புதுச்சேரி

முடியாது. உயிரியல் பூங்காக்களில் யானை வைக்க வேண்டாமென்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-இலேயே உத்தரவிட்டுவிட்டது. நியாயமான உத்தரவு.

எந்த வேலையை முதலில் தொடங்குவது?
– ஊராட்சி உறுப்பினர், குறிஞ்சிப்பாடி

எந்த விலங்கு, எத்தனை, ஏன் என்ற பட்டியல். அதன்பின் முழுப் பூங்காவுக்குமான மாஸ்டர் பிளான். ஆணையம் அதை ஏற்றபிறகே செங்கல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38எச் பிரிவுப்படி, ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது.

தரையில் முதல் வேலை சுற்றுச்சுவர், 2 மீட்டருக்குக் குறையாமல். அடுத்தது தண்ணீர். ஒரு புலிக்குளம் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் ஆழம் என்றால் 30,000 லிட்டர். வாரம் ஒருமுறை மாற்றினாலும் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல், ஒரு குளத்துக்கு மட்டும். வடிகுழாய் 4 அங்குலம் போட்டால் இலையும் முடியும் அடைக்கும். 6 அங்குலம் போடுங்கள், முன்னால் வண்டல் தொட்டி ஒன்று.

மூன்றாவது, தனிமைக் கொட்டகை. வருகிற விலங்கு குறைந்தது 30 நாள் அங்கே இருந்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர வேண்டும். பணம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். கூண்டெல்லாம் கட்டி முடித்தபின் "இடம் இல்லை" என்று மருத்துவமனையின் பக்கத்து அறையையே தனிமை அறையாக்கிவிடுவார்கள். தனிமைக் கொட்டகைக்கு வேறு கீப்பர், வேறு துடைப்பம், வேறு வாளி, வேறு வாசல். புலியை இறக்கும் லாரி பூங்காவுக்குள் நுழையாமல் நேராக அங்கே போய்ப் பின்வாங்கி நிற்க முடிகிறதா என்பதை வரைபடத்தில் இப்போதே பாருங்கள்.